மணல் தட்டை விட்டு வெளியே சிறுநீர் கழிக்கும் பூனை: எதில் தொடங்கி எந்த வரிசையில் செல்வது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மடித்து நாற்காலியில் வைத்திருந்த சலவை வேட்டியின் மேல் ஏறி, இரண்டு முறை சுற்றி வந்து, எங்கள் வீட்டுச் சாம்பல் நிறக் கடுவன் என் கண்ணெதிரிலேயே குந்திச் சிறுநீர் கழித்தது. நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டு முந்தைய இரவுதான் திரும்பியிருந்தோம் என்பதால், விட்டுவிட்டுப் போன கோபத்தில் பழி தீர்க்கிறது என்று வீட்டில் எல்லாரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னோம். அந்தத் தீர்ப்பு தவறு என்று தெரிந்துகொள்வதற்குள் இரண்டு மாதமும் ஓர் இலவம்பஞ்சு மெத்தையும் செலவாகிவிட்டன.

பூனைக்கு மண்ணைத் தோண்டிக் கழித்து மூடுவது பிறவிப் பழக்கம். தாய் சொல்லிக் கொடுக்காத குட்டிகூட மணலைக் கண்டால் பறிக்கும். அப்படிப்பட்ட விலங்கு மணலை விட்டு மெத்தைக்கு வருகிறது என்றால், உடம்பில் வலி இருக்க வேண்டும், அல்லது தட்டு பிடிக்காமல் போயிருக்க வேண்டும், அல்லது தட்டு இருக்கும் இடத்தில் அச்சம் இருக்க வேண்டும், அல்லது அது கழிக்கவே இல்லை, தன் எல்லையைக் குறிக்கிறது என்று பொருள். இந்த நான்கையும் எந்த வரிசையில் சோதிப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முதலில் வாடையைப் போக்கப் பார்க்கிறோம், பிறகு அடிக்கிறோம், பிறகு தட்டை மாற்றுகிறோம், எதுவும் நடக்காதபோது மருத்துவரிடம் போகிறோம். உண்மையில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

கடைகளில் லிட்டர் பாக்ஸ் என்று சொல்லப்படுவதை இங்கே மணல் தட்டு என்றே குறிப்பிடுகிறேன். லிட்டர் என்று எழுதினால் எனக்குப் பால் கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

முதலில் பார்க்க வேண்டியது: சிறுநீர் வருகிறதா?

பூனை எங்கே கழிக்கிறது என்ற கேள்விக்கு முன்னால், அதனால் கழிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். தட்டில் அடிக்கடி ஏறி இறங்குவது, நீண்ட நேரம் முக்குவது, ஓரிரு சொட்டு மட்டும் வருவது அல்லது எதுவுமே வராதது, ஈனக் குரலில் கத்துவது, பிறப்புறுப்பை ஓயாமல் நக்குவது, சிறுநீரில் இரத்தம் தெரிவது ஆகியவை சிறுநீர்ப் பாதையில் கோளாறு இருப்பதன் அடையாளங்கள். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகக் குறுகலானது. உப்புப் படிகங்களும் சளி போன்ற கசடும் சேர்ந்து அதை முழுவதுமாக அடைத்துவிடக்கூடும். அப்படி அடைத்தால் சிறுநீரகம் வேலை செய்யாமல் நின்று, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத்துடிப்பு குலைந்து, இரண்டு மூன்று நாளில் பூனை இறந்துவிடலாம். வாந்தியும் சோர்வும் தொடங்கிவிட்டால் நாள் கணக்கு போய் மணிக் கணக்கு வந்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுப்பதும், நீர்க்கடுப்பு என்று எண்ணி வாழைத்தண்டுச் சாறோ நெருஞ்சில் கஷாயமோ புகட்டுவதும் நம் வீடுகளில் நடப்பவை. அடைத்துக்கொண்ட பூனைக்கு அவை எந்த உதவியும் செய்யாமல் விலைமதிப்பற்ற நேரத்தைத் தின்றுவிடும். வலிக்கிறதே என்று மனிதர்களின் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுப்பது இன்னும் கொடியது; பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது, ஒரே மாத்திரையே உயிரைப் பறிக்கப் போதுமானது. சென்னையில் இருப்பவர்களுக்கு 1903-இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை தெரிந்த இடம். மற்ற ஊர்க்காரர்கள், இரவிலும் விடுமுறை நாளிலும் பூனை பார்க்கும் மருத்துவர் யார் என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. கறவை மாடு பார்ப்பவர்கள் எல்லாரும் பூனைக்குக் குழாய் செலுத்தி அடைப்பை எடுப்பதில்லை.

கழிக்கிறதா, பீய்ச்சுகிறதா?

அடைப்பு இல்லை என்று உறுதியானபின் அடுத்த கேள்வி இது. கழிக்கும் பூனை குந்தி உட்காரும். தரை, பாய், மெத்தை போன்ற கிடைமட்டமான இடத்தைத் தேடும். தேங்கும் அளவுக்குச் சிறுநீர் விடும். பெரும்பாலும் பறித்து மூடவும் முயலும். எல்லை குறிக்கும் பூனை நின்றபடியே வாலை நிமிர்த்தி, வால் நுனி நடுங்க, சுவரிலோ கதவிலோ திரைச்சீலையிலோ பின்பக்கமாகக் கொஞ்சமாகப் பீய்ச்சும், மூட நினைக்காது. சுவரில் ஒரு சாண் உயரத்திலிருந்து கீழே வழிந்த கறை தெரிந்தால் அது பீய்ச்சல்தான்.

பீய்ச்சுகிற பூனைக்கு மணல் தட்டை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இருக்காது, ஏனென்றால் அது மலசலம் கழிக்கத் தட்டையே ஒழுங்காகப் பயன்படுத்திக்கொண்டிருக்கும். கருத்தடை செய்யப்படாத கடுவனாக இருந்தால் முதல் தீர்வு அறுவை சிகிச்சைதான். ஐந்தாறு மாத வயதிலேயே, பழக்கம் ஊறும் முன் செய்துவிடுவது உத்தமம். அறுவைக்குப் பின்னும் நூற்றுக்குப் பத்துக் கடுவன்கள் வரை பீய்ச்சுவதைத் தொடரலாம்; பெட்டைகளில் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய பாதி. இவற்றுக்கு வெளியிலிருந்து ஏதோ தூண்டுதல் இருக்கும். தரைத்தள வீடுகளில் அது பெரும்பாலும் மதில் மேல் வந்து உட்காரும் தெருக் கடுவன்தான். சன்னல் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் ஒளி மட்டும் புகும் தாளை ஒட்டி, நம் பூனையின் பார்வையிலிருந்து தெருப் பூனையை மறைத்துவிட்டாலே பல வீடுகளில் சிக்கல் குறைகிறது. வாசலில் அந்தத் தெருப் பூனைக்கு நாமே சோறு வைத்துக்கொண்டிருந்தால், அந்தக் கிண்ணத்தை வீட்டின் வேறு பக்கத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

மருத்துவரிடம் எதைக் கொண்டுபோவது?

குந்திக் கழிக்கும் பூனை என்றால், அடைப்பு இல்லாவிட்டாலும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது அவசியம். போவதற்கு முன் ஒரு வாரக் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், எந்தப் பொருள் மேல், எவ்வளவு, அதற்குச் சற்று முன்பு வீட்டில் என்ன நடந்தது. பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரே இதற்குப் போதும். நலமான பூனை நாளுக்கு இரண்டு முதல் நான்கு முறை கழிக்கும். அதற்கு மேல் அடிக்கடி, ஆனால் சிறிது சிறிதாக என்றால் சிறுநீர்ப்பை அழற்சியையும், குளம் குளமாக என்றால் நீரிழிவு, சிறுநீரக நோய், தைராய்டு மிகைப்பு ஆகியவற்றையும் மருத்துவர் தேடுவார். மூட்டு வலி உள்ள கிழட்டுப் பூனை தட்டின் உயரமான விளிம்பைத் தாண்ட முடியாமலேயே பக்கத்தில் கழித்துவிடும். பூனை எந்தப் பொருளின் மேல் கழிக்கிறது என்பதும் ஒரு துப்பு. வழவழப்பான குளியலறைத் தரையிலும் தண்ணீர் போகும் சல்லடை மேலும் திடீரெனக் கழிக்கத் தொடங்கும் பூனைக்குச் சிறுநீர்ப்பையில் எரிச்சல் இருக்கிறதா என்று நான் முதலில் சந்தேகிப்பேன்.

பத்து வயதுக்குக் குறைந்த பூனைகளில் மிகப் பெரும்பாலும் காணப்படுவது கிருமித் தொற்று அன்று. இன்ன காரணம் என்று குறிப்பிட முடியாத, மன அழுத்தத்தோடு தொடர்புடைய சிறுநீர்ப்பை அழற்சி. இதன் குணம் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்: மருந்தே கொடுக்காவிட்டாலும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தானாகத் தணிந்து, பிறகு எப்போதாவது திரும்பி வரும். அதனால் அந்த வாரத்தில் எதைக் கொடுத்தாலும் அது பலித்ததுபோலவே தோன்றும். ஆன்டிபயாட்டிக் கொடுத்தவர் அதைப் புகழ்வார், பார்லித் தண்ணீர் கொடுத்தவர் அதைப் புகழ்வார். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி தெரியாமல் ஆன்டிபயாட்டிக் எழுதப்பட்டால், எதற்காக என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. எங்கள் கடுவனுக்கு ஸ்கேனில் சிறுநீர்ப்பைச் சுவர் தடித்திருந்தது. கல்லும் இல்லை, தொற்றும் இல்லை.

இந்த அழற்சிக்கும் படிகங்களுக்கும் பொதுவான மருந்து தண்ணீர்தான். வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்தது என்பதால், வீட்டுப் பூனைக்குத் தாகம் குறைவு, சிறுநீரும் செறிவானது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மில்லி தண்ணீர் அதற்குத் தேவை. நான்கு கிலோப் பூனைக்கு ஒரு டம்ளர். உலர் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம். ஈரத் தீவனத்திலோ முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். முழுவதும் ஈரத் தீவனத்துக்கு மாறக் கட்டுப்படியாகாதவர்கள், உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் மீனையோ கோழியையோ வேகவைத்த தண்ணீரை உலர் தீவனத்தின் மேல் ஊற்றலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை என்பதால் குழம்பு மீனைக் கழுவிக் கொடுப்பது இதற்கு ஈடாகாது. தண்ணீர்க் கிண்ணம் அகன்றதாகவும், சோற்றுக் கிண்ணத்திலிருந்து தள்ளியும், இரண்டு மூன்று இடங்களிலும் இருந்தால் பூனை அதிகம் குடிக்கிறது.

தட்டைப் பூனையின் கண்ணால் பார்ப்பது

நம் அடுக்குமாடி வீடுகளில் மணல் தட்டுக்கு ஒதுக்கப்படும் இடங்கள் இரண்டு: குளியலறை, பால்கனி. இரண்டுமே பூனைக்குச் சோதனைதான். குளியலறைத் தரை பாதி நாள் ஈரமாக இருக்கும்; யாராவது குளிக்கப் போனால் அரை மணி நேரம் கதவு சாத்தியிருக்கும்; பக்கத்தில் வாஷிங் மெஷின் இருந்தால் துணி பிழியும் கட்டத்தில் தரையே அதிரும். பால்கனியிலோ ஏசியின் வெளிப்பெட்டி இரைகிறது, ஐப்பசி மழைச் சாரல் மணலை நனைக்கிறது, இரவில் கதவைச் சாத்திவிடுகிறோம். எங்கள் வீட்டுக் குறிப்பை வரிசையாகப் படித்துப் பார்த்தபோது, பதினொரு விபத்துகளில் ஒன்பது வாஷிங் மெஷின் ஓடிய காலை நேரத்தில் நடந்திருந்தன. ஊருக்குப் போய்வந்த அழுக்குத் துணியெல்லாம் அந்த ஞாயிறு காலையில்தான் சுழன்றுகொண்டிருந்தது. கோபக்காரன் என்று பெயர் வாங்கிய பூனை உண்மையில் பயந்துபோயிருந்தது.

ஆகவே தட்டு, நடமாட்டம் குறைந்த, ஆனால் அடைபட்ட மூலையாக இல்லாத, இருபத்துநான்கு மணி நேரமும் போகக்கூடிய, உலர்ந்த இடத்தில் இருக்க வேண்டும். சோறும் தண்ணீரும் அருகில் இருக்கக் கூடாது. கூடத்தின் ஓரத்திலா என்று முகம் சுளிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது: நாளுக்கு இரண்டு முறை அள்ளப்படும் தட்டின் வாடை, மெத்தையில் ஊறிய வாடையில் காலே அரைக்கால் பங்குகூட இருக்காது.

எத்தனை தட்டு என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டுவது. ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு தட்டுகள் பூனையின் கணக்கில் ஒன்றுதான். தனித்தனி அறைகளில் வைத்தால்தான் பலன். தட்டின் நீளம், மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையான நீளத்தில் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்பதால், வளர்ந்த பூனைக்கு ஏறக்குறைய 70 செ.மீ. தேவைப்படும். கடைத் தட்டுகளில் பல அந்த அளவுக்கு வருவதில்லை. கம்பளியும் போர்வையும் போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் பத்து செ.மீ. உயரம் விட்டு வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் அதைவிட நல்ல தட்டு கிடையாது. கிழட்டுப் பூனைக்கும் குட்டிக்கும் அந்த வாசலை இன்னும் தாழ்த்த வேண்டும். மூடி போட்ட தட்டுகள் நமக்கு வசதி. வாடையை உள்ளே தேக்கி வைப்பதால் பல பூனைகளுக்குப் பிடிப்பதில்லை.

மணலைப் பொறுத்தவரை, நுண்ணியதும் வாசனை சேர்க்காததும் உருண்டு கட்டிப்படுவதுமான பென்டோனைட் களிமண்ணையே பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன. வாசனையூட்டப்பட்ட மணல் வாங்குபவரின் மூக்குக்காகச் செய்யப்படுவது. ஆற்று மணலும் பயன்படும், ஆனால் அதில் கட்டி சேராமல் சிறுநீர் அடியில் தேங்குவதால் முழுவதையும் அடிக்கடி மாற்ற வேண்டும்; கட்டடப் பணிக்கு வரும் எம்-சாண்ட் கூர்மையும் தூசியும் மிகுந்தது, வேண்டாம். மிகச் சிறிய குட்டிகள் மணலைத் தின்று பார்க்கும் என்பதால் அவற்றுக்குக் கட்டிப்படாத வகையே பாதுகாப்பானது. ஐந்து செ.மீ. ஆழத்துக்குப் போட்டு, காலையும் மாலையும் அள்ளி, வாரம் ஒருமுறை தட்டைச் சாதாரண சோப்பால் கழுவி வெயிலில் உலர்த்த வேண்டும். அள்ளிய கட்டிகளைக் கழிப்பறையில் கொட்டினால் குழாய் அடைத்து, கீழ் வீட்டுக்காரரோடு புதிய சிக்கல் தொடங்கும். மணல் வகையை மாற்ற நேர்ந்தால் ஒரே நாளில் மாற்றாமல், பத்து நாளில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். எது பிடிக்கும் என்று தெரியாவிட்டால் இரண்டு தட்டில் இரண்டு வகையைப் போட்டு, பூனையையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

பினாயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பீனால் வகைச் சேர்மங்களை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் அது நஞ்சாக உள்ளே போகிறது. தண்ணீரில் ஊற்றினால் வெள்ளையாகக் கலங்கும் கிருமிநாசினிகள் பலவற்றிலும் இதே வகைச் சேர்மம் உண்டு. தட்டைப் பினாயிலால் கழுவிச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று பெருமைப்படும் வீடுகளில் பூனை தட்டை வெறுப்பதில் வியப்பில்லை. தட்டு இருக்கும் அறையை வெறும் தண்ணீராலோ சோப்புத் தண்ணீராலோ துடைத்தால் போதும்.

வாடையை வேரோடு எடுப்பது

பூனைச் சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாத படிகமாகத் துணியிலும் பஞ்சிலும் தங்கிவிடுகிறது. நமக்கு வாடை போய்விட்டதுபோல் தோன்றினாலும், மழைக்கால ஈரத்தில் மீண்டும் கிளம்பும். பூனையின் மூக்குக்கோ அது போகவே இல்லை. ஒருமுறை கழித்த இடத்திலேயே திரும்பத் திரும்பக் கழிப்பது பிடிவாதம் அன்று, அந்த இடம் தன்னைக் கழிப்பிடம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

புதிய ஈரத்தைத் தேய்க்காமல், பழைய பருத்தித் துணியால் அழுத்தி ஒற்றி எடுங்கள். பிறகு, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவத்தைச் சிறுநீர் ஊறிய ஆழம் வரை ஊறும்படி ஊற்றி, பாட்டிலில் சொன்ன நேரம் முழுவதும் விட்டுவிட்டு, தானாகக் காய விட வேண்டும். மேலாகத் தெளித்து உடனே துடைத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று குறை சொல்பவர்களே அதிகம். அந்தத் திரவம் கிடைக்காத ஊரில், என்சைம் கலந்த சலவைத் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊறவைத்து அலசுவது அடுத்த வழி. கொதிநீரும் இஸ்திரிச் சூடும் வாடையைத் துணியில் பதியவைத்துவிடும். பிளீச்சிங் பவுடர், சிறுநீரிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து மூச்சைத் திணறடிக்கும் வாயுவைக் கிளப்பும். சாம்பிராணி நம் மூக்கை மட்டும் ஏமாற்றும். பூனை வராமலிருக்க அந்துருண்டை போடுவது அறவே கூடாது, அதிலுள்ள நாப்தலீன் பூனைக்கு நஞ்சு.

பழைய கறை எங்கே என்று தெரியாவிட்டால், கள்ள நோட்டுப் பார்க்கப் பயன்படும் புற ஊதாக் கதிர் டார்ச்சை இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். காய்ந்த சிறுநீர் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். எங்கள் கூடத்தில் நான் மூன்று இடங்களை எதிர்பார்த்து அடித்தேன், ஏழு தெரிந்தன. அவற்றில் ஒன்று நாங்கள் தினமும் உட்கார்ந்து சாப்பிடும் கோரைப்பாய். இலவம்பஞ்சு மெத்தை நடுப்பகுதி வரை ஊறியிருந்தால் காப்பாற்ற முயல வேண்டாம். புதிய மெத்தைக்கு, குழந்தைகளுக்குப் போடும் ரப்பர் விரிப்பைச் சில மாதம் அடியில் போட்டு வையுங்கள்.

மீண்டும் பழக்குவது

கழித்த இடத்தில் மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது, தண்ணீர் தெளிப்பது ஆகியவற்றால் பூனை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: உங்கள் கண்ணில் படாமல் கழிக்க வேண்டும். அழுத்தத்தால் வந்த அழற்சியாக இருந்தால் அடி அதை மேலும் வளர்க்கும். கழித்த இடத்தைச் சுத்தம் செய்தபின் அங்கே அதன் சோற்றுக் கிண்ணத்தை வைத்துப் பாருங்கள். சாப்பிடும் இடத்தில் கழிக்க எந்தப் பூனையும் விரும்பாது. ஒரே மூலையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தால், அந்த மூலையிலேயே ஒரு தட்டை வைத்து, ஒழுங்காகப் பயன்படுத்தத் தொடங்கிய பின், நாளுக்கு ஒரு சாண் வீதம் நீங்கள் விரும்பும் இடத்துக்கு நகர்த்தலாம். வீடு முழுவதும் கழிக்கிற பூனையை, ஓர் அறையில் தட்டு, தண்ணீர், படுக்கை, உயரமாக ஏறி உட்கார ஓர் அலமாரி ஆகியவற்றோடு ஒன்றிரண்டு வாரம் வைத்திருந்து, அவ்வப்போது கூட இருந்து விளையாடி, பிறகு ஒவ்வோர் அறையாகத் திறந்துவிடுவது பலன் தரும்.

இரண்டு மூன்று பூனைகள் உள்ள வீட்டில், ஒன்று தட்டுக்குப் போகும் வழியில் படுத்துக்கொண்டு மற்றதை விடாமல் மறிப்பது சண்டையாக நமக்குத் தெரியாது. வெறுமனே படுத்திருப்பதுபோல் இருக்கும். அங்கே இரண்டு பக்கமும் வழி உள்ள இடத்துக்குத் தட்டை மாற்றுவதுதான் சமாதானம். எது கழிக்கிறது என்றே தெரியாவிட்டால் ஒன்றொன்றாகத் தனியறையில் வைத்துப் பார்க்கலாம். வெள்ளையடிப்பு, விருந்தாளிகள், கைக்குழந்தை, தீபாவளி வெடி ஆகிய நாட்களில் பழைய பழக்கம் தலைகாட்டினால் தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டியதில்லை. அமைதியான அறையும் தண்ணீரும் கூடுதல் தட்டும் அந்த வாரத்தைக் கடத்திவிடும். இவ்வளவுக்குப் பின்னும் எல்லை குறிப்பது தொடரும் சில பூனைகளுக்கு ஃப்ளூக்சிடின் போன்ற, மனப்பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகளை மருத்துவர்கள் கொடுப்பதுண்டு. அளவு அவர் சொல்வதாகவே இருக்க வேண்டும், திடீரென நிறுத்தவும் கூடாது.

தட்டும் இடமும்தான் காரணம் என்றால் சில நாட்களிலேயே மாற்றம் தெரியும். வாடை ஊறிய வீட்டில் சில வாரம் ஆகும். பீய்ச்சும் பழக்கம் மாதக்கணக்கில் இழுக்கும். காலண்டர்க் குறிப்பைத் தொடர்ந்து எழுதுங்கள், ஏனென்றால் வாரத்துக்கு ஐந்தாக இருந்தது ஒன்றாகக் குறைந்ததை நினைவு மறந்துவிடும், காலண்டர் மறக்காது. நான்கு வாரம் கட்டங்கள் வெறுமையாக இருந்ததும் எங்கள் வீட்டில் கூடத்துத் தட்டை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. எடுத்த மூன்றாம் நாள் மீண்டும் கோரைப்பாய். அன்று மாலையே தட்டு பழைய இடத்துக்கு வந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. சோபாவை அரை அடி தள்ளிப் போட்டுக்கொண்டோம்.